நிகாஹ் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு எழுதும் முறை



கல்யாண வீடுகளில் எழுதப்படும் பட்டியல்களிலேயே மிகவும் திருத்தமானது எது என்று கேட்டால், பண்டாரியிடம் கொடுக்கும் சாமான் சீட்டைத்தான் சொல்ல வேண்டும். சீரகச் சம்பா இத்தனை கிலோ, ஆட்டுக்கறி இத்தனை கிலோ, நெய், பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் தனித்தனி வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு. எந்தப் பண்டாரியும் "அரிசி, கறி முதலியன" என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு அடுப்பு மூட்டமாட்டார். கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்தே சாமான் கட்டிவிடுவார். எழுதியவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அதே வீட்டில், மகளுக்குப் போட்ட நகையும் கொடுத்த பொருள்களும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தைக் காட்டுவார்கள். அதில் இப்படி இருக்கும்: "நகை 22 பவுன், பீரோ, கட்டில், பாத்திரங்கள் முதலியன, மாமா போட்ட செயின், ரொக்கம்." ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான சீட்டு அத்தனை துல்லியமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்நாள் உடைமை இரண்டு வரிக்குள் சுருண்டு கிடக்கிறது.

இந்த இதழில் அந்தப் பட்டியலை எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். எழுத வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

இது நம் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும். ஷரீஅத் சட்டத்தின் கீழ் வருகிறவர்களின் மஹரை மட்டும் அது வரதட்சணை என்ற சொல்லிலிருந்து நீக்கி வைத்திருக்கிறது. யாரும் கேட்காமல், விருப்பத்தோடு கொடுக்கும் அன்பளிப்புகளுக்கு அந்தச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் அவை பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று தனியாக விதிகளே உண்டு. அவை 1985 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். திருமணத்தின்போதோ, முடிந்தவுடன் கூடிய விரைவிலோ எழுத்தில் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் சிறு விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவினர் என்றால் என்ன உறவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். விரும்பினால் உறவினர்களிடமும் வந்திருப்பவர்களிடமும் கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம்.

நாற்பது ஆண்டுகளாக இருக்கும் விதி இது. நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கேட்டு வாங்கிய கைக்கூலியைப் பட்டியலில் எழுதிவிட்டால் அது அன்பளிப்பாகிவிடாது. கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமே. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் குறைந்தது 5 ஆண்டு சிறை, 15,000 ரூபாய்க்கோ வரதட்சணையின் மதிப்புக்கோ, எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம் என்று சட்டம் சொல்கிறது. விருப்பத்தோடு கொடுப்பதாக இருந்தாலும், பெண் வீட்டார் தங்கள் வசதிக்கு மீறிக் கொடுப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையைக் கைக்கூலிக்கு ரசீது எழுதும் முறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, "சம்பந்தி வீட்டாரிடம் பட்டியலை நீட்டினால் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்களே?" கேட்கத்தான் செய்வார்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அன்பளிப்பு கடன் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் எழுதிக்கொள்வதை நம் மார்க்கம் சந்தேகத்தின் அடையாளமாகப் பார்க்கவில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். தவிர, மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கும் இதே போல ஒரு பட்டியல் எழுதப்படுவதால், இதில் ஒரு தரப்பாரை மட்டும் சந்தேகிக்கும் பேச்சுக்கே இடமில்லை. பேச்சு வார்த்தை நடக்கும்போதே "இரண்டு பட்டியலும் எழுதிக்கொள்வோம், சட்டமும் அதைத்தான் சொல்கிறது" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், நிகாஹ் அன்று யாருக்கும் முகம் சுளிக்காது.

எழுதாவிட்டால் உரிமை போய்விடுமா? போகாது. 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் மணமுறிவு உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, திருமணத்திற்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்போ அவளுடைய உறவினர்களோ நண்பர்களோ, கணவரோ, கணவரின் உறவினர்களோ நண்பர்களோ அவளுக்குக் கொடுத்த எல்லாச் சொத்துகளுக்கும் மணமுறிவு பெற்ற பெண் உரியவள் என்கிறது. கொடுக்க மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். உரிமை இருக்கிறது, அதை நிரூபிப்பதில்தான் சிக்கல். என்ன கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த தம்பதி. 2005இல் திருமணம், 2011இல் மணமுறிவு. பெண்ணின் தந்தை 7 லட்சம் ரூபாயும் 30 பரி தங்கமும் கொடுத்ததாகத் திருமணப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. (பரி என்பது வங்காளத்து அளவு, நம் பவுன் 8 கிராம் என்றால் ஒரு பரி பதினொன்றரை கிராமுக்குச் சற்று அதிகம்.) தொகையில் தகராறு இல்லை. பதிவேட்டின் ஒரு பதிவில் அது மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டதாக இருந்தது. இன்னொன்றில் யாருக்கு என்ற குறிப்பே இல்லை. அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் வழக்கு கீழ் நீதிமன்றங்களிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கும், அங்கே பெண்ணுக்கு எதிராக முடிந்த பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கடைசியில் தீர்ப்பு பெண்ணின் பக்கம் வந்தது. மணமுறிவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே 14 ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஆகவே பட்டியலின் தலைப்பிலிருந்தே தொடங்குவோம். "சீர் சாமான் பட்டியல்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "இன்ன தேதியில், இன்ன ஊரில் நடந்த நிகாஹில், மணமகள் (பெயர், தந்தை பெயர், முகவரி) அவர்களுக்கு வழங்கப்பட்ட அன்பளிப்புகள்" என்று எழுதுங்கள். "மணமகளுக்கு" என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிடக் கூடாது. மணமகனுக்குக் கொடுத்த மோதிரமோ கைக்கடிகாரமோ வேறு தாளில், வேறு தலைப்பின் கீழ் போக வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதி, பக்கத்தில் "மா" என்று குறியிட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். "மா" என்பது மாப்பிள்ளையா, மாமியாரா, மாமாவா என்று பத்து வருடம் கழித்து யார் சொல்வது?

மஹரையும் இதில் சேர்க்க வேண்டாம். அது அன்பளிப்பு அல்ல, பெண்ணின் உரிமை. அதற்கு நிகாஹ் பதிவேட்டில் தனி இடம் இருக்கிறது. மஹரை நகையாகவே கொடுத்திருந்தால், எந்த நகை, எவ்வளவு எடை என்பதைப் பதிவேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாப்பா போட்ட வளையலும் மஹராக வந்த வளையலும் ஒரே டப்பாவில் கிடக்கும். எது எது என்பது இரண்டு தலைமுறைக்குப் புரியாது.

அடுத்தது, ஒரு பொருளுக்கு ஒரு வரி. "22 பவுன் நகை" என்பது பட்டியல் அல்ல, கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையை யாராலும் சரிபார்க்க முடியாது. வளையல் ஒன்று குறைகிறது என்றால், எந்த வளையல் என்று கேட்க ஒரு வரி வேண்டும். இப்படி இருக்கட்டும்:

1. கழுத்துச் சங்கிலி – எண்ணிக்கை 1 – 916 – நிகர எடை 24.150 கிராம் – கொடுத்தவர்: மணமகளின் தந்தை
2. வளையல் – எண்ணிக்கை 4 – 916 – நிகர எடை 48.320 கிராம் – கொடுத்தவர்: மணமகளின் தந்தை
3. மோதிரம் – எண்ணிக்கை 1 – 916 – நிகர எடை 4.060 கிராம் – கொடுத்தவர்: மணமகளின் தாயுடன் பிறந்த அண்ணன்
மொத்தம்: 3 வரிகள், 6 உருப்படிகள், 76.530 கிராம்

இங்கே இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். உண்மையான பட்டியலில் கொடுத்தவரின் பெயரும், உத்தேச மதிப்பும், கடை ரசீது எண்ணும் அதே வரியில் வர வேண்டும். கட்டம் போட்ட தாளாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்த மூன்று வரிகளையும் இன்னொரு முறை பாருங்கள். எல்லா வரியும் பொருளின் பெயரில் தொடங்குகிறது. பிறகு எண்ணிக்கை, தரம், எடை, கொடுத்தவர் என்று ஒரே வரிசை. ஒரு வரி "மாமா கொடுத்த மோதிரம்" என்றும், அடுத்த வரி "24 கிராமில் செயின் ஒன்று" என்றும் தொடங்கினால், படிப்பவரின் கண் ஒவ்வொரு வரியிலும் தகவலைத் தேட வேண்டியிருக்கும். ஒரே வரிசையில் இருந்தால் எடையை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிக் கூட்டிவிடலாம். விட்டுப்போனது எது என்பதும் உடனே தெரியும். கட்டம் காலியாக நிற்கும்.

அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். பாதி பவுனிலும் பாதி கிராமிலும் எழுதினால் கூட்டுகிறவர் தடுமாறுவார். கடை ரசீதில் கிராம்தான் இருக்கும். அதையே அப்படியே எழுதுங்கள். பவுன் கணக்கு வேண்டுமானால் மொத்தத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முறை எழுதலாம். கல் வைத்த நகைக்கு மொத்த எடை வேறு, கல் நீக்கிய நிகர எடை வேறு. நிகர எடை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. ஜகாத் கணக்குப் பார்க்கும்போதும் இந்த நிகர எடைதான் உதவும்.

இப்போது நகைகளில் வரும் ஹால்மார்க் முத்திரை பட்டியலுக்குப் பெரிய துணை. 2023 ஏப்ரல் முதல், ஹால்மார்க் நகையை விற்க அதில் ஆறு இலக்க அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எச்.யு.ஐ.டி. என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்திருக்கும்; ஒவ்வொரு நகைக்கும் வேறு வேறு. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்தக் குறியைப் போட்டால் நகையின் விவரம் வரும். மேலே 2ஆம் வரியில் நான்கு வளையல்கள் இருக்கின்றன என்றால் நான்கு குறிகளையும் அதே வரியில் எழுதுங்கள். நான்கின் எடையும் வேறு வேறாக இருந்தால் நான்கு வரியாகவே பிரித்துவிடுவது மேல். உம்மாவிடமிருந்து வந்த பழைய நகைகளில் இந்தக் குறி இருக்காது. அவற்றுக்கு எடையோடு, "பூ வேலைப்பாடு, நடுவில் சிவப்புக் கல் ஒன்று" என்பது போல ஒரு சிறு அடையாளம் எழுதி, ஒரு புகைப்படமும் எடுத்து, படத்தின் பின்னால் பட்டியலின் வரிசை எண்ணைக் குறித்துவிடுங்கள்.

வரிசை எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் அடிக்கும் பிள்ளைகள் அழகுக்காக ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கரும்புள்ளி வைத்துவிடுகிறார்கள். துண்டறிக்கைக்கு அது போதும். பின்னால் ஒருவர் "இந்தப் பொருள்" என்று சுட்டிக்காட்ட வேண்டிய ஆவணத்தில் எண்தான் வேண்டும். நகை, பாத்திரம், மரச்சாமான் என்று பிரிவுகள் இருந்தாலும் ஒவ்வொரு பிரிவிலும் 1, 2, 3 என்று மறுபடி தொடங்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே தொடராகப் போகட்டும். அப்போதுதான் 14 என்றால் ஒரே ஒரு பொருள். ஆரமும் கம்மலும் சேர்ந்த செட் என்றால் 5அ ஆரம், 5ஆ கம்மல் ஒரு ஜோடி என்று எழுதலாம். நாளைக்கு ஆரம் மட்டும் அடகுக்குப் போனால் 5அ என்று சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் இவ்வளவு நுணுக்கமாக எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். தேக்கரண்டி வரை எண்ணி எழுதினால் முக்கியமானது மறைந்துபோகும். "எவர்சில்வர் பாத்திரங்கள், 32 உருப்படி, ஒரு தொகுப்பு" என்று ஒரு வரி போதும். எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். பித்தளை அண்டா, செம்புத் தவலை போன்ற கனமான பொருள்களைத் தனி வரியில் எடையோடு எழுதுவது நல்லது. வாஷிங் மெஷின், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு நிறுவனத்தின் பெயரோடு, பின்பக்கம் ஒட்டியிருக்கும் தொடர் எண்ணையும் எழுதுங்கள். பீரோ, கட்டில் என்றால் மரமா இரும்பா என்ற ஒரு சொல் போதும். ரொக்கம் என்றால் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, யார், யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தார் என்று குறியுங்கள். வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த விவரம். வீடு, மனை கொடுத்திருந்தால் அதைப் பட்டியலில் எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் குறிப்பிட்டு, பத்திர விஷயத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

"முதலியன", "மற்றும் பல", "இதர சாமான்கள்" ஆகிய சொற்கள் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. எழுதுகிறவருக்கு அதில் பத்துப் பொருள் தெரியும். எதிர்த் தரப்பாருக்கு ஒன்றும் தெரியாது.

கொடுத்தவரின் உறவைத்தான் நம் மக்கள் மிக அலட்சியமாக எழுதுகிறார்கள். விதி உறவைக் கேட்கிறது. நாம் "மாமா" என்று எழுதுகிறோம். மாமா என்றால் உம்மாவின் சகோதரரா, மாமியின் கணவரா, கணவரின் தகப்பனாரா? மூவரையும் நாம் மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். இதில் ஒருவர் பெண் வீட்டார், ஒருவர் மாப்பிள்ளை வீட்டார்! சாச்சா, சாச்சி, பெரியவாப்பா எல்லாம் நமக்குள் புரியும், வெளியாருக்குப் புரியாது. காக்கா என்று எழுதினால் காயல்பட்டினத்தில் அண்ணன் என்பார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் வழக்கறிஞர் பறவை என்று நினைத்துவிடுவார். ஆகவே கூப்பிடும் முறையை எழுதாமல், "மணமகளின் தந்தையுடன் பிறந்த தம்பி", "மணமகனின் தாய்" என்று முழுதாக எழுதுங்கள். யாருடைய உறவு என்பது முதல் சொல்லாக இருக்கட்டும்.

எப்போது எழுதுவது? மண்டபத்தில், மொய் எழுதும் மேசையில் வைத்து எழுதுவதற்கான வேலை அல்ல இது. நிகாஹுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே, ரசீதுகளைக் கையில் வைத்துக்கொண்டு வரைவு எழுதிவிடுங்கள். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் பொருளைக் கையில் எடுத்துக் காட்ட, மூன்றாமவர் குறியிட வேண்டும். அந்த மூன்றாமவர் மணப்பெண்ணாகவே இருந்தால் நல்லது. பட்டியல் அவளுடையது, தன் பெயரில் என்ன இருக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாத மணமகள் என்றால், முழுவதையும் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும், படித்துக் காட்டியவரும் கையொப்பமிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. நிகாஹ் அன்று கடைசி நேரத்தில் வந்த பொருள்களை மட்டும் சேர்த்து, சுத்தப் பிரதி எடுத்துக் கையொப்பம் வாங்கலாம்.

சுத்தப் பிரதி எடுக்கும்போது பேனாவில் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறு வந்தால் அதன் மேலேயே அழுத்தி எழுதாமல், ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, மணமக்கள் இருவரும் சுருக்கொப்பம் இடட்டும். நாம் முன்னே சொன்ன வழக்கிலும் பதிவேட்டில் திருத்தி எழுதப்பட்டிருந்ததா என்ற கேள்வி எழுந்தது என்பதை நினைவில் வையுங்கள். தாள் ஒன்றுக்கு மேல் போனால் "பக்கம் 1/3, 2/3, 3/3" என்று எண்ணிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம். கடைசி வரிக்குக் கீழே "மொத்தம் 27 வரிகள், பட்டியல் இத்துடன் முடிகிறது" என்பது போல எழுதி, அதற்கு ஒட்டினாற்போலவே கையொப்பங்கள் வரட்டும். நடுவே வெற்றிடம் விட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் 28ஆம் வரியை எழுதிவிடலாம். பக்கத்தில் இடம் மிஞ்சினால் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

கணினியில் அடித்த பட்டியலில் இன்னொரு தொல்லை உண்டு. தானாகவே எண்ணிடும்படி வைத்திருந்தால், நடுவில் ஒரு வரியை நீக்கியதும் கீழே உள்ள எண்களெல்லாம் மாறிவிடும். ரசீதின் மேலும் புகைப்படத்தின் பின்னாலும் பழைய எண்ணைக் குறித்து வைத்திருப்பீர்கள். எதுவும் எதனோடும் பொருந்தாது. ஆகவே எல்லாம் முடிவான பிறகு எண்களைக் குறியுங்கள். கையொப்பம் ஆன பிறகு கோப்பில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

நிகாஹுக்குப் பிறகும் பொருள்கள் வரும். பெருநாளைக்கு மாமியார் ஒரு வளையல் போடுவார். தலைப்பிரசவத்துக்குப் பெண் வீட்டார் செயின் போடுவார்கள். இவற்றைப் பழைய பட்டியலின் இடுக்கில் செருகக் கூடாது. "கூடுதல் பட்டியல் 1" என்று தனித் தாளில், அன்றைய தேதியோடு, எண்ணைத் தொடர்ந்து எழுதுங்கள். பழைய பட்டியல் 27இல் முடிந்திருந்தால் இது 28இல் தொடங்கும்.

வெளியே போகும் நகையையும் இதே போல எழுத வேண்டும். எங்களிடம் வரும் குடும்ப வழக்குகளில் நகை "காணாமல் போவது" அபூர்வம். கணவரின் கடைக்கு முதல் போட, வெளிநாட்டு விசாவுக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு என்று பெண்ணே மனமுவந்து கழற்றிக் கொடுத்ததுதான் பெரும்பாலும் நடக்கிறது. கொடுத்தது கடனா, அன்பளிப்பா என்று அன்று யாரும் பேசிக்கொள்வதில்லை. பேசிக்கொள்ளுங்கள். "வரிசை எண் 2, 5அ ஆகிய நகைகள், இன்ன தேதியில், இன்ன தேவைக்காக அடகு வைக்கக் கொடுக்கப்பட்டன, மீட்டுத் தரப்படும்" என்று இரண்டே வரி, கணவரின் கையொப்பத்தோடு. அடகுச் சீட்டின் நகலையும் அதோடு இணைத்து வைத்தால் போதும். நல்ல கணவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அவர் திடீரென்று மவுத்தாகிவிட்டாலும், அவருடைய கடன்களை அடைத்த பிறகே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பதால், மனைவியின் நகையும் கடன் கணக்கில் வந்துவிடும். எழுதாமல் விட்டால், அந்தத் துக்க வீட்டில் மைத்துனர்மாரிடம் அவள் வாயால் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

பிரதிகள் மூன்று வேண்டும். மூன்றிலும் அசல் கையொப்பம் இருக்கட்டும்; ஒன்று மணமகளிடம், ஒன்று மணமகனிடம், ஒன்று பெண்ணின் பெற்றோரிடம். மணமகளின் பிரதியை நகை இருக்கும் அதே பீரோவில் வைக்க வேண்டாம். ஒன்று போனால் மற்றதும் கூடவே போய்விடும். கடை ரசீதுகள் பல இப்போது வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாளில் வருகின்றன. ஓரிரு ஆண்டில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அவற்றை உடனே நகல் எடுத்து, பட்டியலின் வரிசை எண்ணைக் குறித்து, பட்டியலோடு சேர்த்துத் தைத்து வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கல்யாணமாகிப் பல வருடம் ஆன குடும்பங்கள், இப்போது எழுதி என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு, "திருமணத்தின்போது வழங்கப்பட்டு, இன்று கைவசம் உள்ளவை" என்று தலைப்பிட்டு எழுதலாம். பழைய தேதியைப் போட்டு எழுதுவது மட்டும் கூடாது. அது பொய்யான ஆவணம். ரசீது இல்லாத நகைகளை எடை போட்டு எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் கையொப்பமிட்டுவிட்டால் ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

கட்டம் போட்ட மாதிரிப் படிவம் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. நிரப்பிய பட்டியலை எங்களிடம் காட்ட வேண்டியதில்லை. யாருக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பதை நாங்கள் கேட்பதும் இல்லை, குறித்து வைப்பதும் இல்லை. எழுதுவதில் சந்தேகம் இருந்தால் வெற்றுப் படிவத்தோடு வாருங்கள். ஒரு வரியை நிரப்பிக் காட்டுகிறோம், மீதியை வீட்டில் வைத்து எழுதிக்கொள்ளலாம்.